ஒன்பதாம் ஆட்டின் எச்சம்

பள்ளிக்கூடக் கணிதத்தில் எங்களுக்கு
மூன்று நடுக்கள் இருந்தன:
இடை, இடையம், ஆகாரம்.
அடிக்கடி வந்து போகும் எண்ணுக்கு
ஆகாரம் என்று பெயர் வைத்தவர்
அன்று மத்தியானம் சாப்பிடாதவராக இருக்க வேண்டும்.

அச்சுவேலிப் பட்டியில் பன்னிரண்டு கிடாய்க்குட்டிகள்,
மூன்று தீன்:
பூவரசங்குழை மட்டும்,
குழையோடு எள்ளுப் புண்ணாக்கு,
குழையோடு காயவைத்த பனங்களி.
எந்தக் குட்டிக்கு எது என்று
துண்டெழுதிச் சட்டியில் குலுக்கி எடுத்தோம்.
எழுமாறு என்பது புத்தகத்துச் சொல்.
புவிராணி அதைச் சீட்டு என்றாள்.
தனக்கென்றால் கடைசியாய்த்தான் விழும் என்றாள்.

எண்பது நாள்.
காலையில் போட்டது எத்தனை கிராம்,
மறுநாள் தொட்டியில் கிடந்தது எத்தனை கிராம்,
கழித்தால் தின்றது.
மாரி மழையில் கொப்பி நனைந்து
ஏழுகள் ஒன்றாகின.
எட்டாம் குட்டி கழிச்சலில் செத்த நாளிலிருந்து
அதன் நிரையில் சிறு கோடுகள்.
அங்கே பூச்சியம் போடக்கூடாது.
பூச்சியம் என்றால், நிறுத்தோம், ஒன்றுமில்லை.
கோடு என்றால், நிறுக்க ஆளே இல்லை.
இந்த வித்தியாசத்தை இங்கே
யாருக்கும் இரண்டு தரம் சொல்லத் தேவையில்லை.

ஐம்பதாம் நாள் இடைக்கணக்கு.
மாறல்திறனைப் பிரித்துப் பார்த்தேன்:
தீனுக்கு இவ்வளவு, பிழைக்கு இவ்வளவு.
நிகழ்தகவு எட்டு வீதத்தில் வந்து நின்றது.
ஐந்துக்குக் கீழே இறங்கினால்தான்
சூனியக் கருதுகோளை வெளியே அனுப்பலாம்.
கலாநிதி நிமலகாந்தன் திரையைத் தொட்டுச் சொன்னார்:
"ஒன்பதாலதான் பிள்ளை கெடுது. தூக்கிவிடும்."
தூக்கினேன். மூன்று வீதம்.
அவர் தேத்தண்ணீர் குடிக்கப் போனார்.

நான் எச்சங்களின் படத்தைக் கீறினேன்.
மற்றதெல்லாம் கோட்டை அண்டிக் கிடக்க
ஒன்பது மேலே: நாளுக்கு முப்பத்தொரு கிராம் கூட.
பத்து கீழே: இருபத்தொன்பது குறைவு.
கடதாசியைக் கோட்டில் மடித்தால்
ஒன்று மற்றதன்மேல் விழும்.

எச்சம் என்றால்
கணக்கு விளங்கப்படுத்தாமல் விட்டது.
புவிராணியின் கொப்பியிலும் எச்சம் என்றே இருக்கிறது,
தொட்டியில் மிஞ்சிய குழைக்கு.
கூரையில் காகம் விடுவதற்கும் அதுதான்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் போனேன்.
பனி. கரண்டும் இல்லை.
கைபேசி வெளிச்சத்தில் தெரிந்தது:
இரண்டு கூட்டுக்கும் நடுவில் கழன்ற ஒரு பலகை,
அதற்குள்ளால் தோள்வரை நுழைந்து
பத்தின் புண்ணாக்கைத் தின்னும் ஒன்பது.
பத்து விலகி இடம் விட்டு நின்றது.
பலகை விளிம்பு உரசி உரசி வழவழத்து
மயிர் ஒட்டிக் கிடந்தது.

"உது மூண்டாம் கிழமை தொடங்கினது," என்றாள் புவிராணி.
"எவ்வளவு முடிஞ்சதெண்டுதானே எழுதச் சொன்னியள்,
ஆர் திண்டதெண்டு கேக்கேல்லையே."

கேட்கவில்லைத்தான்.
ஒவ்வொரு விலங்கும் மற்றதைச் சாராது என்று
முறையியலின் முதல் வரியில்
யோசிக்காமல் தட்டெழுதியவள் நான்.
கொடுத்ததை எல்லாம்
தின்றதாய் நினைத்தவளும் நான்.

அறிக்கையில் இரண்டு அட்டவணை போட்டேன்,
அவையிரண்டும் சேர்ந்து ஒன்று,
அவையிரண்டும் இல்லாமல் ஒன்று.
ஒன்பதை மட்டும் தூக்கி, களவு கொடுத்த பத்தை
எள்ளுப் புண்ணாக்கின் கணக்கில் விட்டுவைக்க
எனக்கு மனம் வரவில்லை.
அடியில் சிறிய எழுத்தில்: ஒரு பலகை கழன்றிருந்தது.
அதன் பக்கத்தில் கலாநிதியின் பென்சில், தேவையா?
இன்னும் அழிக்கவில்லை, அவரும், நானும்.

செவ்வாய்க்கிழமை தச்சன் வந்து பலகை அடித்தான்.
புதன் காலை பத்தின் தொட்டியில்
எச்சம் நூற்றிநாற்பது கிராம்.
வியாழன் நூற்றைம்பத்தைந்து.
முழுப் புண்ணாக்கும் இப்போது அதற்குத்தான்.
தராசு சரியா என்று
படிக்கல்லை வைத்துப் பார்த்தோம். சரி.
நிறையை எழுதினேன்.
மற்றதை எழுத
என் கொப்பியில் நிரல் இல்லை.